நாடு கீழே இருக்கிறது

1976 ஏப்ரல் 18, ஞாயிறு

இந்த டயறி பரஞ்சோதி மாஸ்டர் தந்தது. போன வருசத்து டயறி, அதனால் கிழமைகள் எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நானே வெட்டி எழுதிக்கொள்கிறேன். "அங்கம்மா அக்கா, உங்கட வாயில வாறதை ஒருக்கா எழுதிப் பாருங்கோ, நல்ல பகிடியா இருக்கும்" என்றார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை திருத்தித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். திருத்துகிறேன் என்று படித்துவிடுவாரே.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் மூங்கில்மலைத் தோட்டத்துக்குப் படிப்பிக்க வந்து ஒரு வருசம் ஆகிறது. இன்னும் அட்டைக்குப் பயப்படுகிறார்.

என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. வயது நாற்பத்தேழு. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு, பால் கரைத்துக் கொடுத்து, சாயந்தரம் முழுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே மகள் சிவகாமி, இதே தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாசமாக இருக்கிறாள்.

இன்று துணி துவைத்தேன். காயவில்லை.

ஏப்ரல் 20, செவ்வாய்

பக்கத்துக் காம்பரா சன்னாசியைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியாது போலிருக்கிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற எங்கள் லயத்தில் இரண்டு காம்பராவுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. அவர் இருமினால் என் அடுப்பு அணையும். தோட்டத் தலைவர் அவர்தான், அதாவது தொழிற்சங்கத்துக்கு இங்கே ஆள். பெண்சாதி செத்து வெகுகாலம். பிள்ளை இல்லை. சிரிப்பும் இல்லை. அவருக்கு இருப்பது இந்தியா.

சுவரில் பாரத மாதா காலண்டர். ஆகஸ்டு பதினைந்துக்கு லயம் முழுக்க முட்டாய். ரேடியோவைத் திருகித் திருகித் திருச்சியைப் பிடிப்பார். பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றுகொண்டு என் குழந்தைகளுக்கு கங்கை, யமுனை, காவேரி என்று சொல்லிக்கொடுப்பார். ஒன்றுக்கும் இன்னும் பல் முளைக்கவில்லை. இத்தனைக்கும் இந்தியாவை அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவராம்.

இன்றும் வந்தார்.

"தலைவரே, காவேரியில முங்கிட்டு நேரா வந்த மாதிரி இருக்கீங்க. தலைய துவட்டுங்க, சளி பிடிக்கும்" என்றேன்.

"எகத்தாளம் பண்ணாத அங்கம்மா. மனுசனுக்கு ஒரு தாய்நாடு வேணும்."

"எனக்கு ஒரு தேங்கா வேணும். கடைப்பக்கம் போனா வாங்கியாங்க."

வாங்கி வந்தார். நல்ல பெரிய தேங்காய்.

ஏப்ரல் 23, வெள்ளி

இன்று ரேடியோ சத்தம் இல்லை. சுவரைத் தட்டி, "என்னா தலைவரே, இந்தியா மூடிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"பேரு வந்திருச்சு அங்கம்மா" என்றார்.

அந்தப் பக்கத்துச் சர்க்காரும் இந்தப் பக்கத்துச் சர்க்காரும் ஒரு நாள் உட்கார்ந்து எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று. அறுபத்தெட்டில் தோட்டத்து ஆபீசில் மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுதினார்கள். என் புருசன் இலங்கை என்று எழுதினார், எனக்கும் சேர்த்துப் பிரஜா உரிமை கிடைத்தது. சன்னாசிக்கு இந்தியா. இத்தனை வருசம் கூப்பிடாமல் இருந்தவர்கள் இப்போது கூப்பிட்டுவிட்டார்கள். ஜூலையில் அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறவேண்டுமாம்.

நல்ல சேதி. அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. குழம்புக்கு உப்புப் போடவில்லை, அல்லது இரண்டு தடவை போட்டுவிட்டேன். நாய் குடித்தது.

மே 1, சனி

மே தினம், வேலை இல்லை. புஞ்சிபண்டா கடையில் தேத்தண்ணி குடித்தோம். கடை தோட்டத்து எல்லையில் இருக்கிறது, கடைக்குப் பின்னால் நாடு ஆரம்பமாகிறது.

இதை விளங்கப்படுத்தி எழுத வேண்டும். எங்கள் பேச்சில் நாடு என்றால் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை. மலைக்குக் கீழே வயலும் பலாமரமுமாக இருக்கிற சிங்களக் கிராமம்தான் நாடு. "நாட்டுக்குப் போய் ரெண்டு ஈரப்பலாக்காய் வாங்கியா" என்போம். அங்கே இருக்கிறவர்கள் நாட்டாட்கள். இந்தியாவுக்குப் பேர் ஊர். நாங்கள் இருக்கிற இடம் தோட்டம். ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், நாடு மலைக்குக் கீழே. மாஸ்டர் வந்த புதிதில் வகுப்பில், "எமது நாடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டாராம். பிள்ளைகள் எல்லாம் எழும்பி ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டினார்களாம்.

புஞ்சிபண்டா நாட்டாள். எங்கள் தமிழ் பேசுவார். தோட்டத்தைச் சர்க்கார் எடுத்துத் தேசியமாக்கியதில் அவருக்கு ஒரே சந்தோசம். "வெள்ளக்காரன் போனது. இனி எங்க ரட, எங்க தேயிலை" என்றார். ரட என்றால் அவர்கள் பேச்சில் மொத்தத் தேசமும்.

"பறிச்சது யாரு முதலாளி? நீங்களா?" என்றார் சன்னாசி.

"நீ பறிச்சது. நான் இல்லேன்னு சொன்னதா? ஆனா தேயிலை வர முந்தி எங்க சீயா, அதான் தாத்தா, இங்க குரக்கன் பயிர் போட்டது. அதை யாரு கேட்டது?"

"அதுக்குத்தான் சொல்றேன். இங்க என்னத்தப் பேசினாலும் கடைசியில வாசல்லதான் நிக்கணும். நமக்குன்னு ஒரு தாய்நாடு இருக்கு. அங்க போனா நிமிந்து நிக்கலாம்."

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "தலைவர், அரசாங்கத்தைத் தாய் எண்டு சொல்லாதேங்கோ. நாங்கள் பேசுற பாசைதான் எங்கட நாடு. தமிழ் பேசுற சனம் எல்லாம் ஒரு தேசிய இனம். நீங்கள், நான், அங்கம்மா அக்கா, எல்லாரும் ஒண்டு. வவுனியாப் பக்கம் காணி கிடக்கு. இந்தியாவுக்கு ஏன் போறியள், அங்க வாங்கோ."

"அப்ப மாஸ்டர், உங்க வீட்டுக் கிணத்துல நான் தண்ணி அள்ளலாமா?" என்று கேட்டேன்.

மாஸ்டர் தேத்தண்ணியை ஊதினார். அது எப்போதோ ஆறிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று பேரும் சத்தம் போட்டார்கள். அங்கம்மா எங்கள் ரத்தம் என்று ஒருவர், எங்கள் இனம் என்று ஒருவர், அங்கம்மா அக்கா இங்கே பிறந்ததுதானே என்று ஒருவர். என்னை அப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தேன். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மே 3, திங்கள்

மாஸ்டர் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "அம்மா விடமாட்டா, அக்கா. நான் விடுவன்" என்றார். கிணற்றைப் பற்றி. இரண்டு நாள் யோசித்திருக்கிறார் பாவம். நல்ல பிள்ளை. காலில் அட்டை இருந்தது, உப்பு வைத்து எடுத்துவிட்டேன்.

மே 11, செவ்வாய்

மழை. ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருமல்.

மே 24, திங்கள்

கூரை ஒழுகி என் அடுப்பு மேலேயே சொட்டியது. சன்னாசி ஏணி வைத்து ஏறித் தகரம் செருகினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சும்மா பிடிக்க எனக்கு எங்கே வரும்.

"ஊருக்குப் போற மாப்பிள்ளைக்கு மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினது தானே?" என்றேன்.

"நான் கேக்கல அங்கம்மா."

"பின்ன?"

அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார். கீழே பார்க்கவில்லை.

"அறுபத்தெட்டுல மேசையில இருந்த ஐயா வெளியூர்க்காரர். 'நீர் இந்த நாட்டில் இருக்க விரும்புகிறீரா'ன்னு கேட்டாரு. நாட்டுல நம்மளுக்கு என்னா வேலை? வயல் இருக்கா, பலாமரம் இருக்கா? 'நாட்டுல எதுக்குங்க சாமி இருக்கணும், எங்களுக்குத் தோட்டம் போதும்'னு சொன்னேன். அவர் எழுதிட்டாரு. வாசிச்சும் காட்டுனாரு. இந்த நாட்டில் இருக்க விருப்பம் இல்லைன்னு. சரியா வெளங்கிக்கிட்டாரேன்னு எனக்குச் சந்தோசம். ரேகை வச்சேன். அப்ப எனக்கு எழுத்துத் தெரியாது."

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், ஏணி ஆடியது. எங்கள் தோட்டத்தில் யார் கேட்டாலும் சிரிப்பார்கள்.

"ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது" என்றார். "யாருகிட்டயும் சொல்லல. தப்பா எழுதிட்டாங்கன்னு சொன்னா நான் ஒரு எழுத்துப்பிழை அங்கம்மா. தாய்நாடுன்னு சொன்னாத்தான் நான் மனுசன். காலண்டர் வாங்கினேன். ஆத்துப் பேரெல்லாம் படிச்சேன். சொல்லிச் சொல்லிப் பாதி நெசமாவே ஆசை வந்திருச்சு. பாதிதான்."

நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டார். கூரை இப்போது ஒழுகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஒழுகுகிறது.

மே 26, புதன்

ஒரு யோசனை. தப்பாக எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கண்டியில் இருக்கிற இந்தியா ஆபீசில் கேட்டால் என்ன? மாஸ்டர் மனு எழுதித் தருகிறேன் என்றார். சன்னாசி முதலில் வேண்டாம் என்றார். எட்டு வருசம் இந்தியா இந்தியா என்று கத்திவிட்டு இப்போது எப்படிப் போய் நிற்பது என்று வெட்கம். "நீங்க பேச வேணாம், நான் பேசுறேன், சாட்சிக்கு வாறேன்" என்றேன். சிவகாமிக்குக் கண்ணாடி வளையல் வாங்கவும் கண்டிக்குப் போகத்தான் வேண்டும். அதற்காகத்தான் போகிறேன்.

ஜூன் 3, வியாழன்

கண்டிக்குப் போய் வந்தோம். பச்சைச் சேலை கட்டினேன். வேறு சேலை காயவில்லை.

அட்டனில் பஸ் ஏறினோம். நான் ஜன்னல் பக்கம். மலை இறங்க இறங்கக் குளிர் விட்டுக்கொண்டே வந்தது. நாவலப்பிட்டி வருவதற்குள் தலைவர் தூங்கிவிட்டார், தலை என் தோளில் விழுந்தது. எழுப்பவில்லை. எழுப்பினால் கங்கை, யமுனை என்று ஆரம்பிப்பார். தோள் மரத்துப்போனது. பஸ் சீக்கிரம் போய்விட்டது. நல்ல வேகமான டிரைவர்.

ஆபீசில் ஒரு ஐயா இருந்தார். மதராஸ்காரர் போல, சுத்தமான தமிழ். தாளைப் புரட்டிப் பார்த்தார். நான் விளங்கப்படுத்தினேன். நாடு என்றால் எங்களுக்குக் கீழே இருக்கிற கிராமம், நாட்டாட்கள் என்றால் சிங்களவர்கள், ஈரப்பலாக்காய், எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, தமிழ்ல நாடுன்னா நாடுதானே?" என்றார்.

"உங்க தமிழ்லங்க ஐயா. எங்க தமிழ்ல அது கீழ இருக்குது."

சிரித்தார். "எழுதுனது எழுதுனதுதான். இதை நான் மாத்த முடியாது. மனைவி இலங்கைப் பிரஜையா இருந்தா, அதை வச்சு ஒரு மனுப் போட்டுப் பார்க்கலாம். நிச்சயம் சொல்ல முடியாது, ஆனா பார்க்கலாம். நீங்க இவருக்கு என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சன்னாசி பதில் சொல்லிவிட்டார்.

"பக்கத்துக் காம்பராங்க."

திரும்பும்போது நான் நிறையப் பேசினேன். கண்டி வாவியைப் பற்றி, வளையல்காரனைப் பற்றி, ஐயாவின் வழுக்கையைப் பற்றி. கினிகத்தேனை தாண்டியதும் அவர் கேட்டார்.

"அங்கம்மா, லயத்துல எல்லாரையும் அண்ணேங்கிற. என்னைய மட்டும் ஏன் தலைவருங்கிற?"

"உங்களுக்கு அண்ணன் முகம் இல்ல" என்றேன்.

அதற்குப் பிறகு அட்டன்வரை இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவர் பக்கத்தில் ஜன்னல் இல்லை.

ஜூன் 6, ஞாயிறு

விளக்கு வைத்த நேரம் சுவர் வழியாகச் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"தலைவரே, அந்த ஐயா சொன்ன மனுவைப் போட்டா என்னா? எங்கிட்ட பிரஜை சும்மாதான் கெடக்கு. ஒரு காகிதந்தானே."

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு மறுபடி கேட்டேன்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

பிறகு மெதுவாகப் பேசினார். இருமாமல் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. "காகிதத்துக்காக ஒன்னையக் கட்டுறேன்னு வச்சுக்க. நாளைக்கு அதையும் நான் தாய்நாடு மாதிரி பேசிப் பேசித்தான் நெசமாக்கணும். ஒரு தப்பு மேல எட்டு வருசம் உக்காந்துட்டேன். ஒம் மேல அப்படி உக்கார மாட்டேன் அங்கம்மா."

"என் மேல உக்காந்தா நான் தாங்க மாட்டேன், நீங்க கனம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அது தெரியாது.

காகிதம் என்ற சொல்லை முதலில் யார் எடுத்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேறு சொல்லும் இருந்தது. வாயில் வந்தது அதுதான்.

ஜூன் 7, திங்கள்

பிள்ளைக்காம்பராவில் ஒன்பது குழந்தைக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு. எழுத நேரமில்லை. நல்லதுதான்.

ஜூன் 12, சனி

பொசன் போயா, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள். பண்டா கடையில் பச்சையும் வெள்ளையுமாகக் காகித விளக்குக் கூடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வெல்லம் வாங்கப் போனேன்.

"பண்டா, உங்க நாட்டுல ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா? ஒளிச்சு வைக்க" என்று கேட்டேன்.

அவருக்கு யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டைக் கட்டிக்கொண்டே யோசித்தார். "எங்க வீட்டுல எடம் இருக்கு அக்கா. பின்னால காம்பரா சும்மா. ரெண்டு மாசம் வைக்கலாம், ஒரு வருசம் வைக்கலாம். பொலிஸ் வந்தா? கிராமத்துல எடம் இருக்கு, ரடேலதான் எடம் இல்ல."

"நீங்கதானே எங்க ரட, எங்க ரடன்னு குதிச்சீங்க. கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

"எங்க ரடதான்" என்றார். "ஆனா அது எங்கிட்ட கேக்குறதா?" பிறகு வெல்லத்தைச் சுற்றிக் கொடுத்துவிட்டு, "சன்னாசி போனா நான் யாருகிட்ட சண்டை பிடிக்கிறது?" என்று கோபமாகக் கேட்டார், நான்தான் அனுப்புகிற மாதிரி.

சன்னாசியிடம் பண்டா வீட்டைப் பற்றிச் சொன்னேன். "தலைவன்னு பேரு வாங்கிட்டுப் பலாமரத்துக்குப் பின்னால ஒளியவா?" என்றார். அதுவும் சரிதான்.

ஜூன் 19, சனி

சிவகாமிக்குப் பெண் குழந்தை. சுகம். பிறந்ததும் எந்த நாடு என்று கேட்கவில்லை, பால்தான் கேட்டாள்.

சிவகாமி படுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அம்மா, நீயும் போகணும்னா போ. நான் பாத்துக்குவேன்" என்றாள். பெற்றவள் பேசுகிற பேச்சா. எனக்கு அந்தப் பக்கம் போகப் பாஸ்போட்டும் இல்லை, அழைப்பும் இல்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு பிரசவ மருந்துச் சரக்கைச் சாப்பிடு என்றேன்.

ஜூன் 27, ஞாயிறு

தலைவர் குழந்தை பார்க்க வந்தார். கையில் வாங்கத் தெரியவில்லை, தேயிலைச் சாக்கைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். கங்கை என்று ஆரம்பிப்பார், நாம் ஒன்று சொல்லிக் கேலி பண்ணலாம் என்று காத்திருந்தேன்.

"எட்டாம் நம்பர் பீலி" என்றார் குழந்தையிடம். "கோயில் ஓடை. பழைய ஸ்டோர் பீலி. மூங்கித் தொங்கல் ஊத்து."

எங்கள் தோட்டத்துத் தண்ணீர்களை எல்லாம் மேலிருந்து கீழே, ஒன்றும் விடாமல் சொன்னார். குழந்தை கொட்டாவி விட்டது. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். பச்சை விறகு, ஒரே புகை.

ஜூலை 5, திங்கள்

கோத்தகிரியில் இறக்குவார்களாம். அங்கேயும் தேயிலையாம். "கடலைத் தாண்டிப் போயும் கொழுந்துக் கூடையா தலைவரே" என்றேன். அவர் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோவை மாஸ்டருக்குக் கொடுத்தார். மாஸ்டர் வாங்கிக்கொண்டு, "நான் எழுதிப் பேசி என்ன பிரயோசனம், ஒரு மனுசனை நிப்பாட்ட ஏலாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர் கட்டப் போகிற நாட்டில் எனக்கு ஒரு பெஞ்சு கேட்டு வைத்திருக்கிறேன். தருவதாகச் சொன்னார்.

வழிக்கு ரொட்டி, சம்பல், தேயிலைத் தூள் கட்டினேன். கம்பளி வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்த ஊர் குளிரா வெயிலா என்று தாய்நாட்டுக்காரருக்கே தெரியவில்லை. வைத்தேன்.

ஜூலை 9, வெள்ளி

அட்டன் ஸ்டேசனுக்குப் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். குழந்தைகளை யார் பார்ப்பது. சிவகாமி கைக்குழந்தையோடு வந்து பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்துகொண்டு, "போ" என்றாள். ஒரு சொல்தான்.

ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பேர். பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான். பிளாட்பாரம் முழுக்க ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகை. அக்காளுக்கு இந்தியா, தங்கச்சிக்கு இலங்கை. மகனுக்கு அது, அப்பனுக்கு இது. ஒரு கிழவர் குனிந்து கைநிறைய மண் எடுத்து வேட்டி முடிச்சில் கட்டினார். ஸ்டேசன் மண், கரியும் எண்ணெயுமாக இருந்தது.

எனக்கு ஒப்பாரி வராது. சாவு வீட்டிலேயே என்னைத் தேத்தண்ணி ஊற்றத்தான் விடுவார்கள். பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் ஏறி அவருக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். "ரொட்டியை மொதல்ல சாப்பிடுங்க, பூசணம் பூத்துரும். சம்பலை அடுத்தவனுக்குக் குடுத்துறாதீங்க. நெஞ்சைத் தெறந்து போட்டுக்கிட்டுக் கப்பல்ல நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தினால் என்ன நடக்கும் என்று தெரியாததால் நிறுத்தவில்லை.

ஒரு பொலிஸ்காரர் வந்தார். சிங்களவர், தமிழ் தெரிந்தவர். ஒவ்வொருவருடைய கடதாசியாகப் பார்த்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"ஊருக்குப் போற ஆள் மட்டும்தான் உள்ள. இது யாரு?"

சன்னாசி எழுந்து நின்றார். சங்கக் கூட்டத்தில் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொன்னார்.

"நாட்டாளுங்க சார்."

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். தலையில் முக்காடு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, காலில் தோட்டத்துச் சேறு. "நாட்டாளா? இதா?"

"ஆமாங்க. பிரஜை. நாங்கள்லாம் வெளியூர்க்காரங்க. இவங்கதான் சார் இங்க சொந்த நாட்டாளு. பாத்து மரியாதையாப் பேசுங்க."

அழுதுகொண்டிருந்த பெட்டி முழுக்கச் சிரித்தது. மண் கட்டிய கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பொலிஸ்காரருக்கும் சிரிப்பு வந்து தொப்பியைச் சரிபண்ணுகிற மாதிரி மறைத்துக்கொண்டார்.

இருபது வருசமாக அந்த மனிதனுக்குப் பகிடி சொல்லிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். சொன்னார், கடைசியில். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்குக் காத்திருந்தார். என் வாயிலிருந்து பதில் வராத நாளே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வரவில்லை. வாயைத் திறந்தேன், வேறென்னவோ வந்தது. நானா அப்படிச் சத்தம் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

விசில் ஊதியது. "இறங்குங்க, அம்மா, இறங்குங்க" என்றார் பொலிஸ்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ஜூலை 11, ஞாயிறு

துணி துவைத்தேன். பக்கத்துக் காம்பராவுக்குக் கணக்கப்பிள்ளை பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். தகரம் செருகிய இடம் ஒழுகவில்லை.

தலைவருக்கான பதில் அன்றைக்கே வாயில் வந்துவிட்டது. ஸ்டேசனிலிருந்து ஏறி வந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன், கோச்சி வட்டவளையைத் தாண்டியிருக்கும். சின்னப் பதில்தான். பெட்டிக்குள்ளேயே வந்திருந்தால் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். பொலிஸ்காரருக்கும் கேட்கும்படி, பகிடி மாதிரி, ஆனால் பகிடியாக இல்லாமல்.

நாட்டாள் நான் சொல்றேன். இறங்குங்க.